நாற்பத்தொன்றரை

எனக்கு வந்தது காய்ச்சல் இல்லை. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் மண்ணூர் பஸ் ஸ்டாப்பில் இன்றைக்கும் யாராவது என்னைப் பார்த்தால், "இன்னாம்மா செலினு, விஷக் காய்ச்சல்ல படுத்துகினு இருந்தியாமே?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒருத்தி டைபாய்டு என்கிறாள். இன்னொருத்தி, உச்சி வேளையில் ஏரிக்கரைப் பக்கம் போனதால் காத்து கருப்பு அடித்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். என்னை அடித்தது வெயில். தினமும் தலைக்கு மேலே வந்து போகிற அதே வெயில்தான். அதற்கு இவ்வளவு தைரியம் உண்டு என்று பட்டவள் சொன்னால் நாலு பேராவது கேட்பார்கள் என்று எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில். எங்கள் லைனுக்கு வரும்போது ஷூவின் மேல்பாகம் தனியாகவும் சோல் தனியாகவும் இருக்கும். இரண்டிலும் பசை தடவி, ஓவனுக்குள் விட்டு, பசை இளகுகிற பதத்தில் எடுத்து, ஒன்றோடொன்று வைத்து அழுத்த வேண்டும். ஓவன் வாயில் நிற்கிறவள் நான். பசையைப் பார்த்தே பதம் சொல்லிவிடுவேன். அடுத்த லைன் லீடர் நான்தான் என்று பேச்சும் இருந்தது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் என் வாய் துருப்பிடித்துவிடும். லைனுக்குப் போனால் நாற்பது பெண்கள், நாற்பது கதை. எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

ஓவனின் நெற்றியில் சிவப்பு எழுத்தில் எண் ஓடும். எழுபது வந்தால்தான் பசை பிடிக்கும். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, முப்பத்தைந்து, நாற்பது என்று அது ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். நாற்பதுகளில் இருக்கும்போது சூப்பர்வைசர் கேட்டால், "இன்னும் பச்சத் தண்ணியா கீது சார்" என்போம். எழுபதுக்குக் கீழே இருக்கிற எதுவும் எங்களுக்குச் சூடே இல்லை. என் உயிர் போகப் பார்த்தது இந்தப் பழக்கத்தால்தான்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷத்துக் கத்திரி அது. பேப்பரில் தினமும் வெயில் சதமடித்தது என்று, ஏதோ நம் பையன் கிரிக்கெட்டில் அடித்த மாதிரி கொட்டை எழுத்தில் போட்டார்கள். கடல் காற்று பட்டணத்துக்கு மத்தியானமே வந்துவிடும். எங்கள் பக்கம் வந்து சேர சாயங்காலம் ஆகும். அந்த வாரம் மேற்கேயிருந்து அடித்த அனல் அதை வழியிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. எங்கள் ஷெட்டுக்குத் தகரக் கூரை. சூட்டை வெளியே இழுக்கிற பெரிய ஃபேன் கரண்ட் பற்றாமல் கிழவன் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு வேர்ப்பது நின்றுவிட்டது. அப்பாடா என்றுகூட நினைத்தேன். காலையிலிருந்து ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டு நசநசவென்று இருந்ததே, காய்ந்துவிட்டதே என்று சந்தோஷம். வேர்வை நின்றால் சந்தோஷப்படக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கொஞ்ச நேரத்தில் தலை கனத்தது. பிறகு கை மயிர் எல்லாம் சிலிர்த்து, குளிர ஆரம்பித்தது. ஓவன் வாயில் நின்றுகொண்டு பல் கிட்டியது.

இதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை. மற்றதை எல்லாம் முத்துமாரி சொல்லித்தான் தெரியும். அவள் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி எங்கள் லைனில் பசை தடவுகிறவள். எழுபதில் கொதித்துக்கொண்டிருந்த ஓவனைப் பார்த்து நான், "ஏன்டி மூதேவி, இன்னும் ஏறமாட்டேன்றே?" என்று திட்டினேனாம். முதலில் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நான் எப்போதும் திட்டுகிறவள்தானே. பிறகு கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன்.

ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே அன்றைக்கு நர்ஸ் லீவு. வெளிநாட்டு மானேஜர் கொண்டுவந்து வைத்த மருந்துப் பெட்டியில் ஒரு புதுத் தெர்மாமீட்டர் இருந்தது. பாதரசம் இல்லாத, எண் காட்டுகிற ரகம். முத்துமாரி அதை என் அக்குளில் வைத்தாள். அது பீப் என்று கத்தி, நாற்பத்தொன்று புள்ளி ஐந்து என்று காட்டியது.

"நாப்பத்தொன்னரதான் சார் காட்டுது" என்றாள் அவள்.

"நாப்பத்தொண்ணா? பச்சத் தண்ணிப்பா" என்றார் சூப்பர்வைசர். "உடம்பு சில்லிட்டுப் போச்சு, அதான் நடுங்குது. ஃபேனை நிறுத்து. கம்பளிய எடுத்து நல்லா போத்திவுடு."

என் உடம்பு சுட்டது அவர்களுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நானும் கேட்டேன். அந்த ஷெட்டில் அந்த வாரம் எதைத் தொட்டாலும் சுட்டது. கதவுத் தாழ்ப்பாள் சுட்டது, இரும்பு நாற்காலி சுட்டது, குழாயில் வந்த தண்ணீர் சுட்டது. இதில் என் கை சுட்டதை யார் பெரிதாக எடுப்பார்கள்? காய்ச்சல் என்றால் எங்கள் ஊரில் நூறு, நூற்றிரண்டு, நூற்றிநாலு. இந்தப் பெட்டி மீட்டர் அந்தக் கணக்கே பேசவில்லை. அது ஓவன் பேசுகிற கணக்கில் பேசியது. ஓவன் கணக்கில் நாற்பத்தொன்றரை என்றால் இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

போர்த்தினார்கள். நன்றாகத்தான் போர்த்தினார்கள், ஒரு ஓட்டை விடாமல். எனக்கு வலிப்பு வந்த பிறகுதான் பயந்துபோய் கம்பெனி ஜீப்பில் கம்பளியோடு அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறார்கள். அங்கே நர்ஸ் வைத்தது பழைய பாதரசத் தெர்மாமீட்டர். அது நூற்றாறரையைத் தாண்டி நின்றது. டூட்டி டாக்டர் சின்ன வயசுக்காரர். கம்பளியைப் பிடுங்கித் தூர எறிந்துவிட்டு, "யாருய்யா போர்த்துனது? ஐஸ் வேணும், எங்க கிடைக்கும் ஐஸ்?" என்று சத்தம் போட்டாராம்.

இங்கேதான் லூர்து அண்ணியைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா. அந்த மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். எனக்கும் அவளுக்கும் கல்யாணமான நாளிலிருந்து ஆகாது. நான் வைக்கிற மீன் குழம்பை ஒருநாளும் நல்லா இருக்கிறது என்று சொன்னதில்லை. ஜீப்பில் என்னைப் பார்த்த யாரோ போய்ச் சொல்ல, கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். ஐஸ் என்று டாக்டர் சொன்னதும் திரும்ப ஓடி, வஞ்சிரத்தையும் சங்கராவையும் தரையில் கொட்டிவிட்டு, மீன் பெட்டி ஐஸை அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு வந்தாள். அவள் நம்பிக்கைப்படி காய்ச்சல்காரிக்குப் பச்சைத் தண்ணீர் பட்டாலே ஜன்னி. அதனால் என் அக்குளிலும் கழுத்திலும் தொடை இடுக்கிலும் ஐஸை வைத்துக்கொண்டே டாக்டரைத் திட்டினாளாம்.

"ஜன்னி வந்து சாவப்போறா! நீ படிச்ச படிப்புல தீ வைக்க! இந்தா, இன்னும் ஒரு கூடை கீது, எங்க வைக்கணும் சொல்லு!"

நனைந்த துணியைப் போர்த்தி, இரண்டு பக்கமும் ஃபேன் வைத்து, நூற்றிரண்டுக்கு இறக்கிய பிறகுதான் டாக்டர் உட்கார்ந்தாராம். அங்கிருந்து பூந்தமல்லி போகிற வழியில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நான் கண் திறந்தபோது என்னிடம் முதலில் வந்து சேர்ந்தது மீன் வாடை. அந்த வாடை என் முடியிலிருந்து போகப் பல நாள் ஆயிற்று.

ஐ.சி.யு. என்பது ராத்திரி பகல் இல்லாத ஊர். ஒரே வெளிச்சம், ஒரே குளிர், ஓயாமல் எங்கேயோ ஒரு மெஷின் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். மூக்கில் ஒரு டியூப், கழுத்தில் ஒன்று, மூத்திரத்துக்கு ஒன்று. அந்த மூத்திரப் பையில் இருந்தது கறுப்புக் காப்பி மாதிரி இருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த பயம் செத்தாலும் மறக்காது. கேட்க வேண்டும் என்று நினைத்தேன். நாக்கு புரளவில்லை.

அங்கே ஒரு டாக்டரம்மா. கோபமே வராத முகம். தேவராஜையும் வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். தேவராஜ் என் வீட்டுக்காரர், கொத்தனார். இந்தப் பக்கத்தில் எழும்புகிற கம்பெனிச் சுவர்களில் பாதி அவர் கை பட்டது. சமாதானமாக இருந்தால் அவரை 'ஏங்க' என்பேன், கோபம் வந்தால் 'யோவ்'.

"காய்ச்சல்ங்கறது உடம்பு தானா சூட்டை ஏத்திக்கறது. கிருமியை விரட்டறதுக்காக. மாத்திரை போட்டா இறங்கிடும்" என்றார் டாக்டரம்மா. "இது அப்படி இல்லை. வெளிய போகவேண்டிய சூடு வழி இல்லாம உள்ளேயே மாட்டிக்கிச்சு. வேர்வைதான் அந்த வழி. அது நின்னு போச்சுன்னா கதவைச் சாத்தின மாதிரி. மாத்திரைக்கு இது கேக்காது. வெளியேயிருந்து குளிர வைக்கறது ஒண்ணுதான் வைத்தியம்."

அந்தச் சூட்டில் தசை கரைந்து ரத்தத்தில் கலந்துவிட்டதாம். அந்தக் கழிவுதான் சிறுநீரகத்தில் போய் அடைத்து மூத்திரத்தைக் கறுப்பாக்கியது. பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றிக் கழுவினார்கள். கறுப்பு, செங்கல் நிறமாகி, பிறகு டீ நிறமாகி, கடைசியில் மஞ்சளாக வந்த அன்றைக்குத் தேவராஜ் அந்தப் பையைக் கையில் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டினார். எங்களுக்கு ஒரு மகள் இருந்து பாஸாகியிருந்தால் மார்க் ஷீட்டை அப்படித்தான் தூக்கிக் காட்டியிருப்பார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

எங்கள் லைனில் பாத்ரூம் போக ஒரே ஒரு அட்டை. ஒருத்தி அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் வந்த பிறகுதான் அடுத்தவள் போகலாம். நாற்பது பெண்களுக்கு ஒரு அட்டை. அதனால் நாங்கள் யாருமே வேலை நேரத்தில் தண்ணீர் குடிக்க மாட்டோம். தொண்டை நனைய ஒரு மடக்கு, அவ்வளவுதான். இதை அரைகுறை நாக்கில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு தானே டம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

டிகிரி விஷயத்தையும் அவர்தான் விளக்கினார். சூட்டை அளக்க இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்றில் தண்ணீர் உறைவது பூஜ்யத்தில், கொதிப்பது நூறில். ஓவன், கம்பெனி எல்லாம் அந்தக் கணக்கு. இன்னொன்றில் உறைவது முப்பத்திரண்டில், கொதிப்பது இருநூற்றுப் பன்னிரண்டில். நம் வீட்டுத் தெர்மாமீட்டரும், பேப்பரில் சதமடிக்கிற வெயிலும் இந்தக் கணக்கு. வீட்டில் கூப்பிடும் பேரும் ஞானஸ்நானப் பேரும் மாதிரி, ஆள் ஒன்றுதான். நல்ல உடம்பு அதில் முப்பத்தேழு, இதில் தொண்ணூற்றெட்டரைக்குக் கொஞ்சம் மேலே. அதில் நாற்பது என்றால் இதில் நூற்றிநாலு. என்னுடைய நாற்பத்தொன்றரை இதில் நூற்றாறே முக்கால்.

முப்பத்தேழிலிருந்து நாற்பத்தொன்றரைக்கு நாலரைதான் தூரம். ஓவன் அந்த நாலரையை நான் கொண்டை போடுவதற்குள் ஏறிவிடும். மனுஷ உயிருக்கு அவ்வளவுதான் இடம் விட்டிருக்கிறது என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. பயத்தில்தான் அழுதேன். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மஞ்சள் வந்தது, டியூப்கள் போயின, வார்டுக்கு மாற்றினார்கள். எல்லாம் முடிந்தது என்று நினைத்து எழுந்து நின்றேன். தரை சாய்ந்தது. ஒரு காலை வைத்தால் அது வேறு எங்கேயோ போய் விழுந்தது. டம்ளரை எடுக்கக் கை நீட்டினால் கை ஆடி, தண்ணீர் மார்பெல்லாம் கொட்டியது. பேச்சு வாய்க்குள் உருண்டையாக நின்றது. ஸ்கேன் எடுத்தார்கள். பின்மண்டையில் சிறுமூளை என்று ஒன்று இருக்கிறது. நடையையும் பேச்சையும் கையையும் நேராக வைத்துக்கொள்வது அதன் வேலை. உடம்பிலேயே சூடு தாங்காத இடம் அதுதானாம்.

"திரும்ப வருமா?" என்று தேவராஜ் கேட்டார்.

"வரலாம். கொஞ்சம் வரலாம், முழுசாவும் வரலாம். வராமயும் போகலாம். பயிற்சிதான் மருந்து" என்றார் டாக்டரம்மா. பொய் சொல்லாத டாக்டர்.

ஸ்கேன் ரூமிலிருந்து நான் லூர்து அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தபோது, வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள் பக்கத்தில் இருந்தவரிடம், "பொம்பளைங்களும் பட்டப்பகல்ல ஏத்திக்கினு வர ஆரம்பிச்சிட்டாங்க" என்றான். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. பதில் சொல்லத்தான் நாக்கு இல்லை. என் வாழ்க்கையில் ஒருத்தனுக்குப் பதில் சொல்லாமல் நான் நின்றது அன்றைக்குத்தான்.

அண்ணி நின்றாள். இடுப்பில் கை வைத்தாள். "இன்னாடா சொன்ன? இவ ஒன்னும் குடிக்கல. வெயிலுதான் இவள குடிச்சிட்டுப் போயிருக்குது. பாதி வுட்டு வச்சிருக்குது. அந்தப் பாதியே உன்னை மாதிரி நாலு பேருக்குச் சமம், தெரிஞ்சிக்கோ!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அன்றைக்கு ராத்திரி அண்ணி வீட்டிலிருந்து மீன் குழம்பு கொண்டுவந்து சோற்றில் பிசைந்து எனக்கு ஊட்டினாள். "உன் குழம்பு மாதிரி இருக்காது, முழுங்கு" என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் என் குழம்புக்குக் கொடுத்த சர்டிபிகேட் அது ஒன்றுதான்.

முத்துமாரி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கட்டில் பக்கத்தில் வந்து நின்றவள் உட்காரவே இல்லை.

"நான்தாம்க்கா போத்துனேன்" என்றாள். "நாலு பக்கமும் சொருகி விட்டேன். ஊருல என் தம்பிக்குக் காய்ச்சல் வந்தா அப்படித்தான் செய்வோம். கண்ண மூடுனா அந்தக் கம்பளிதான் வருது. பயந்து பயந்து வருதுக்கா."

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. நாக்கு ஒத்துழைக்கவில்லை. அதனால் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன். குறி தவறிக் காதில் விழுந்தது. இரண்டு பேரும் சிரித்தோம். கம்பெனியில் இப்போது எல்லோரும் தண்ணீர் பாட்டிலோடு வருகிறார்கள் என்றும், பழைய தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னாள். என் இடத்தில் ஓவனில் நிற்பது இப்போது அவள்தான். அதைச் சொல்லும்போது குரல் இறங்கியது. எனக்கு உள்ளே சுருக்கென்றது. அவள்மேல் கோபம் இல்லை. என் இடம் காத்துக்கொண்டிருக்காது என்று அப்போதுதான் உறைத்தது.

அன்றைக்கு முடிவு செய்தேன். நடந்தே அந்த லைனுக்குப் போவேன்.

பில்லைப் பற்றி எழுதப் போவதில்லை. கம்பெனி கொஞ்சம் கொடுத்தது, மீதி எங்கிருந்து வந்தது என்று தேவராஜ் இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்தபோது ஆடிக் காற்று ஆரம்பித்திருந்தது. அப்படியும் தேவராஜ் ஜன்னல்களில் ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிட்டார். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி, வேலையிலிருந்து வந்ததும் சிமெண்ட் கையைக்கூடக் கழுவாமல் என் அக்குளில் சொருகுவார். தானே வெயிலில் செங்கல் அடுக்கிவிட்டு வருகிற மனுஷன், நான் வாசலில் துணி காயப்போட்டால் கத்துவார்.

"கம்பெனி வோணாம், செலினு. வூட்லயே இரு. நீ அந்தக் கட்டில்ல கெடந்ததை நான் பாத்தேன். நீ பாக்கல."

"வ்வூட்ல... இருந்து... இன்னா... பண்றது?" இந்த நாலு வார்த்தையைச் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் ஆகும்.

"உயிரோட இரேன்."

அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் மனசு மாறவில்லை.

கம்பெனியில் திரும்பச் சேர, கம்பெனி டாக்டரிடம் ஃபிட் சர்டிபிகேட் வாங்க வேண்டும். அவர் என்ன செய்யச் சொல்வார் என்று ஆஸ்பத்திரியில் நடை பழக்கிய பிசியோதெரபி அம்மா முன்பே சொல்லியிருந்தார். ஒரு கோட்டின் மேல், ஒரு காலின் குதிகால் அடுத்த காலின் விரலைத் தொடுகிற மாதிரி அடிமேல் அடி வைத்து நடக்க வேண்டும். திரும்ப வேண்டும். அதேபோல வர வேண்டும். குடித்தவனும் சிறுமூளை கெட்டவனும் அதில் மாட்டிக்கொள்வார்கள்.

"கோடு ஒன்னு போட்டுக் குடுங்க" என்று தேவராஜிடம் கேட்டேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் மறுநாள் காலையில் நான் எழுந்தபோது, முன் அறையின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர் வரைக்கும் காவிக் கோடு இருந்தது. கொத்தனார்கள் காவிப்பொடியில் நூலைத் தோய்த்து, இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால் தரையில் படார் என்று விழுமே, அந்தக் கோடு. நான் நடந்து நடந்து அது அழியும். மறுநாள் காலையில் புதிதாக இருக்கும். வேலைக்குப் போகுமுன் அடித்துவிட்டுப் போவார். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்.

விழுந்தேன். கணக்கில்லாமல் விழுந்தேன். முட்டி, முழங்கை, ஒருமுறை மூக்கு. பேச்சுக்காக, நடந்துகொண்டே ஜெபமாலை சொன்னேன். நாக்கு இடறினால் மறுபடி முதலிலிருந்து. மாதா அலுத்துப்போயிருப்பாள். லூர்து அண்ணி மார்க்கெட் முடிந்து வந்து, என் நைட்டியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, கன்றுக்குட்டியை ஓட்டுகிற மாதிரி என் பின்னாலேயே நடப்பாள். கையெழுத்துக்காகப் பழைய பேப்பரில் என் பேரையே எழுதினேன். 'செ'வின் கொம்பு வரவே வராது.

ஐப்பசி மழையில் தரை ஓதம் ஏறி, காவிக் கோடு நடப்பதற்கு முன்பே கசிந்து போகும். அப்போதும் கோடு இல்லாத காலை இல்லை.

அந்த மழையிலேயே முதல் தடவை கம்பெனி டாக்டரிடம் போனேன். போகும்போது நன்றாக நடந்தேன். திரும்புகிற இடத்தில் சாய்ந்து அவருடைய மேஜையைப் பிடித்துவிட்டேன். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்மா" என்றார் நல்லவிதமாகத்தான். நான் வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். வண்டி ஓட்டிய தேவராஜ் வழியில் நிறுத்தி பிரியாணி வாங்கினார். ஆறுதலுக்கு என்று நினைத்தேன். அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். நான் ஒரு வாய்கூடத் தொடவில்லை.

மறுநாள் காலையிலும் கோடு இருந்தது. அன்றிலிருந்து திரும்புவதை மட்டும் பழகினேன். ஒரு இடத்தில் நின்று, பார்வையைச் சுவரில் ஒரு ஆணியில் வைத்து, காலை மெதுவாகத் திருப்பி, பிறகு உடம்பை. திரும்பத் திரும்ப. தலை சுற்றி வாந்தி வரும். எடுத்துவிட்டு வந்து மறுபடி திரும்புவேன்.

தை பிறந்து மறுபடியும் போனேன். டாக்டர் அறையில் டைல்ஸ் இணைப்பு ஒரு கோடாக ஓடியது. செருப்பைக் கழற்றினேன். அடிமேல் அடி. சுவர் வந்தது. நின்றேன். திரும்பினேன். தரை என்னோடு திரும்பவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தது. திரும்பி அவர் மேஜை வரைக்கும் வந்தேன்.

"இப்போ பனிக்காலம். கத்திரியில என்ன பண்ணுவே?" என்றார் டாக்டர். "ஒரு தடவை அடிபட்ட உடம்பு, சூட்டுல சீக்கிரம் விழும். ஓவன்ல உன்னை நிறுத்த என்னால எழுத முடியாது."

"ஓவன் வோணாம் சார்" என்றேன். ஒவ்வொரு வார்த்தையாக, நிறுத்தி. இதையும் வீட்டில் பழகிவிட்டுத்தான் போயிருந்தேன். "லைன் கடைசியில செக்கிங் கீது. அங்க ஃபேன் கீது. அங்க நிக்கிறேன். ஓவன் பக்கம் யாருக்காவது வேர்க்காம நின்னா, அங்கேர்ந்தே எனக்குத் தெரியும்."

அவர் பேனாவை எடுத்து ஃபிட் என்று எழுதினார்.

கேட்டுக்கு வெளியே தேவராஜ் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வை இல்லாத நாள் அது.

"நீ பெயில் ஆவணும்னு மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திகினு இருந்தேன், செலினு" என்றார். "ரெண்டு வாட்டியும். மொத வாட்டி கேட்டுது. அன்னிக்கு எனக்கு அவ்ளோ சந்தோசம்."

பிரியாணி ஞாபகம் வந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"யோவ், அப்புறம் இன்னாத்துக்குயா தெனம் காலைல அவ்ளோ நேரா கோடு அடிச்சே?"

அவர் கையை விரித்துப் பார்த்தார். காவி நகக்கண்ணில் ஏறியிருந்தது.

"கோணலா அடிக்கத்தான் பாத்தேன். கை வரல."

கேட்டில் வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றுகூடப் பார்க்காமல் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவரும் அழுதார். பிறகு வண்டியில் ஏறி வீட்டுக்கு வந்தோம். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன்.